அந்த எலும்புகள் எழுந்திருக்குமா?

துக்க வீட்டுக்குப் போனா யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கு. "அழாதீங்கம்மா, இது வெறும் கூடு, ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயிடுச்சு." ஆறுதலுக்குத்தான் சொல்றாங்க, அன்போடதான் சொல்றாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்ததுதான். ஆனா அந்த வார்த்தை எனக்குள்ள ஒரு நாளும் சமாதானமா உட்காரல. ஏன்னா ஞாயித்துக்கிழமை ஆராதனையில நாங்க எல்லாரும் எழுந்து நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்றப்ப "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்"னுதான் முடிக்கிறோம். ஆத்துமா பிரிஞ்சு பரலோகம் போகும்னு அந்தப் பிரமாணத்துல ஒரு வரி கூட கிடையாது, நம்ம நம்பிக்கையை மொத்தமா சுருக்கி கடைசியில என்ன வச்சிருக்காங்கன்னா சரீரத்தைத்தான். ஞாயித்துக்கிழமை சரீரம் எழுந்திருக்கும்னு வாயால அறிக்கை பண்ணிட்டு, செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டிக்குப் பக்கத்துல நின்னுகிட்டு சரீரம் ஒண்ணுமே இல்லன்னு சொன்னா எங்கயோ இடிக்குதுல்ல.

இன்னொரு பக்கம் ஈஸ்டர் பிரசங்கம். இப்பல்லாம் நிறைய இடத்துல "உங்க தொழில்ல ஒரு உயிர்த்தெழுதல், உங்க கடன் பிரச்சனையில ஒரு உயிர்த்தெழுதல்"னு பேசுறாங்க. கல்லறை வாசல்ல கல்லு புரண்டது கடைசியில நம்ம வீட்டு லோன் அடையறதுக்கு ஒரு உதாரணம்னு ஆயிடுது. கேட்க உற்சாகமாத்தான் இருக்கும், ஆனா பின்வரிசையில போன மாசம் பிள்ளையைப் புதைச்ச ஒரு அம்மா உட்கார்ந்திருப்பா, அவளுக்கு அதுல என்ன இருக்கு? அவ பிள்ளை செத்துட்டான். அவ கேக்க வந்தது தொழிலைப் பத்தி இல்ல. உயிர்த்தெழுதல்ங்கறது செத்தவங்களைப் பத்தின செய்தி, முதல்ல அப்படித்தான் அது உலகத்துக்குள்ள வந்துச்சு, இன்னிக்கும் அது அதுதான்.

குழி திறந்த அன்னிக்கு

எங்க ஊர் சாத்தான்குளம் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஓரம். கல்லறைத் தோட்டத்துல இடம் கம்மி, அதனால குடும்பத்துக்கு ஒரு குழின்னு வச்சு முன்ன இறந்தவங்க குழியைத் திறந்துதான் அடுத்தவங்களை வைக்கிறது வழக்கம். எங்க அம்மா இறந்தப்ப அப்பாவோட குழியைத் திறந்தோம். அந்த நேரத்துல குடும்பத்து ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்னு பெரியவங்க சொன்னாங்க, வீட்டுல ஆயிரம் வேலை, நான் போனேன். வெயில் இன்னும் ஏறல. குழி வெட்டுற அண்ணாச்சி ரொம்ப வருஷமா அந்தத் தோட்டத்துல இதே வேலை பார்க்கறவரு, ஊர்ல பாதிப் பேரோட குழி அவர் கைபட்டதுதான். மம்பட்டி ஒரு அளவுக்கு மேல இறங்கினதும் அதை வெளிய வச்சுட்டு கையாலயே மண்ணை அள்ள ஆரம்பிச்சாரு. பெட்டி இருந்த தடமே இல்ல, மக்கின பலகை கொஞ்சம், துருப்பிடிச்ச ஆணி, அதுக்கு அப்புறம் எலும்பு. செம்மண் நிறம் ஏறி செங்கல் மாதிரி பழுத்துப் போயிருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்து ஒரு வெள்ளைத் துணியில வச்சாரு. தலையை எடுக்கறப்ப மட்டும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னு, துணியோட ஒரு ஓரத்தை மடிச்சு மூடினதுக்கு அப்புறம்தான் நகர்ந்தாரு. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் தொடை எலும்பு வந்துச்சு, அதோட ஒட்டினாப்ல ஒரு ஸ்டீல் ப்ளேட்டு, வரிசையா ஸ்க்ரூ. அண்ணாச்சி அதைத் தோள்ல கிடந்த துண்டால ஒரு தேய் தேய்ச்சாரு, புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. "தம்பி, இத என்ன செய்யட்டும்?"னு கேட்டாரு. எங்க அப்பா ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார், சைக்கிள்ல வந்தப்ப லாரி இடிச்சு கால் முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணி வச்ச ப்ளேட்டு அது. பிறகு எடுத்துரலாம்னு டாக்டர் சொன்னாரு, அப்பா இன்னொரு தடவை ஆஸ்பத்திரி செலவான்னு விட்டுட்டாரு. அதுக்கு அப்புறம் அவரு நடை மாறிப் போச்சு, இடது பக்கம் லேசா சாய்ஞ்சு சாய்ஞ்சு வருவாரு, தெரு முனையில வர்றப்பவே அப்பா வர்றாருன்னு செருப்புச் சத்தத்தை வச்சே சொல்லிருவோம், ஒரு அடி அழுத்தமா ஒரு அடி இழுத்தாப்ல. அந்தக் காலோடதான் தினமும் பள்ளிக்கூடம் போனாரு, அந்தக் காலோடதான் என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்தச் சத்தம் எல்லாம் இப்ப அண்ணாச்சி கையில இருக்கு. இதை வெறும் கூடுன்னு சொல்ல என் நாக்கு ஒத்துக்கல. "எலும்போடயே வச்சிருங்க அண்ணாச்சி"ன்னேன். அவரும் வேற எதுவும் கேக்காம ப்ளேட்டையும் சேர்த்து மூட்டை கட்டி குழியோட தலைமாட்டுல தோண்டி வச்சாரு, அம்மாவோட பெட்டி அதுக்குப் பக்கத்துல இறங்கணும்னு.

அப்ப எனக்கு பைபிள்ல எசேக்கியேல் 37ம் அத்தியாயம்தான் ஞாபகம் வந்துச்சு. பள்ளத்தாக்கு நிறைய உலர்ந்த எலும்பு, ஆண்டவர் தீர்க்கதரிசியைப் பார்த்து இந்த எலும்புகள் உயிரடையுமான்னு கேக்கறாரு. எசேக்கியேல் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, தேவரீர் அதை அறிவீர்னு சொல்லிட்டாரு. அந்த அத்தியாயம் முதல்ல பாபிலோன் சிறையிருப்புக்குப் போன இஸ்ரவேல் திரும்ப வர்றதைப் பத்தினதுன்னு எனக்குத் தெரியும், ஆனா குழி ஓரத்துல நிக்கறவனுக்கு அந்தக் கேள்வி வேற மாதிரி கேக்கும். பிரசங்கத்துல கேட்டா லேசா ஆமான்னு தலையாட்டிரலாம். கையில மண்ணு ஒட்டின எலும்பு இருக்கறப்ப ஆமான்னு சொல்றது எவ்வளவு பெரிய காரியம்னு அன்னிக்குத்தான் விளங்குச்சு. நம்ம விசுவாசம் நம்மகிட்ட கேக்கறது அவ்வளவு பெரிய ஆமாதான். அதுக்குக் கீழ ஒண்ணும் கேக்கல.

கொரிந்து சபைக்கும் இதே சிக்கல்தான்

சாயங்காலம் அடக்க ஆராதனையில எங்க சபைப் போதகர் ஐயரவர்கள் வாசிச்சது 1 கொரிந்தியர் 15லேர்ந்து சில வசனம். எத்தனையோ அடக்கத்துல கேட்டதுதான், ஆனா காலையில அந்தக் குழியைப் பார்த்துட்டு வந்த காதுல அது வேற மாதிரி விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை முழுசா உட்கார்ந்து வாசிச்சேன், அதுக்கு அப்புறம் அதை விட்டு என்னால வெளிய வர முடியல. அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு இதை எபேசுவிலிருந்து கி.பி. 55 வாக்குல எழுதுறாரு, கல்வாரியில இயேசுவைச் சிலுவையில அறைஞ்சு ஒரு 25 வருஷம்தான் ஆகியிருக்கும். கொரிந்து சபைக்காரங்க இயேசு எழுந்ததை மறுக்கல. அதை நம்பித்தான் சபைக்கு வந்தாங்க. அவங்களுக்கு இடிச்சது, செத்துப் போன நம்ம ஆட்கள் சரீரத்தோட எழுந்திருப்பாங்கங்கறதுதான். கிரேக்கச் சூழல்ல படிச்சவங்களுக்கு சரீரம் ஒரு சிறை, ஆத்துமா அதுலேர்ந்து தப்பிச்சுப் போறதுதான் விடுதலை, திரும்ப எதுக்கு அந்தச் சிறைக்குள்ள வரணும்? ஏதென்சுல பவுல் பேசினப்ப மரித்தோர் உயிர்த்தெழுதல்னு வாயெடுத்ததும்தான் சிலர் சிரிச்சாங்கன்னு அப்போஸ்தலர் 17ல இருக்கு. நம்ம மண்ணுலயும் காயமே பொய்ங்கற பேச்சு ஊறிப் போனது, அதனால கொரிந்துக்காரங்க மேல எனக்குக் கோவம் வரல, அவங்க நம்ம ஆட்கள்தான்.

பவுல் அவங்களுக்கு விட்டுக் குடுக்கவே இல்ல. மரித்தோர் எழுந்திருக்க மாட்டாங்கன்னா கிறிஸ்துவும் எழுந்திருக்கல, கிறிஸ்து எழுந்திருக்கலன்னா எங்க பிரசங்கமும் விருதா, அதாவது வீண், உங்க விசுவாசமும் விருதான்னு ஒரே போடு போடுறாரு. அதுக்கு முன்னாடி சாட்சிகளோட பட்டியல் குடுக்கறாரு, கேபாங்கற பேதுரு, பன்னிரண்டு சீஷர்கள், அப்புறம் ஒரே வேளையில 500க்கு மேற்பட்ட சகோதரர்கள், அவங்கள்ல அநேகர் இன்னும் உயிரோட இருக்காங்க, சிலர் மட்டும் நித்திரையடைஞ்சுட்டாங்கன்னு சொல்றாரு. அந்தக் கடைசித் துண்டை நான் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கேன், இப்ப அதுல நின்னுடறேன். உயிர்த்த ஆண்டவரைத் தன் கண்ணால பார்த்தவங்களும் செத்துத்தான் போயிருக்காங்க. பார்த்ததுனால சாவு அவங்களை விட்டு வைக்கல. அதனாலதான் பவுல் கிறிஸ்துவை முதற்பலன்னு சொல்றாரு, முதல் கதிர் வந்தாச்சு, மீதி வயல் இன்னும் நிக்குது. சாவை அவர் ஒரு நண்பன்னோ, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற வண்டின்னோ சொல்லல. பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு, அழிக்கப்படப் போற கடைசி எதிரின்னு சொல்றாரு. சத்துருவை சத்துருன்னு சொல்ல ஒருத்தர் கிடைச்சதே எனக்கு அன்னிக்குப் பெரிய ஆறுதலா இருந்துச்சு.

எப்படிப்பட்ட சரீரத்தோட வருவாங்கன்னு கேக்கறவனுக்குப் பவுல் விதையைக் காட்டுறாரு. தேரிக்காட்டுல வளர்ந்தவனுக்கு விதைன்னா பனங்கொட்டைதான். பனங்கொட்டையைப் புதைச்சா முளை முதல்ல மேல வராது, கீழதான் போகும், மண்ணுக்குள்ள போய் கிழங்கா இறங்கும், மேல பார்த்தா வெறும் மணல்தான், ஒண்ணுமே நடக்கலன்னுதான் தோணும். கொட்டையையும் மரத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு சம்பந்தமும் தெரியாது, ஆனா அந்தக் கொட்டையிலேர்ந்து வந்த மரம்தான் அது, வேற மரம் இல்ல. நான் பார்த்த எலும்புக்கும் எழுந்திருக்கப் போற எங்க அப்பாவுக்கும் உள்ள உறவை இதுக்கு மேல என்னால விளக்க முடியாது, பவுலும் விளக்கல. அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும். அங்க நிறுத்திக்கறாரு. ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ங்கற ஊர்ல மொராவியன்ங்கற புராட்டஸ்டண்ட் சபையோட வாலிபர்கள் 1732ல ஈஸ்டர் அன்னிக்கு விடியறதுக்கு முன்ன கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடினாங்க, அவங்க கல்லறைத் தோட்டத்தைக் கடவுளோட வயல்னுதான் சொல்றது. எங்க ஊர்லயும் ஈஸ்டர் இருட்டோட மெழுகுவர்த்தியைப் பிடிச்சுகிட்டு கல்லறைக்குப் போறோம், அவங்களைப் பத்தி எங்க பாட்டிமாருக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா எங்க நின்னு பாடணும்னு தெரிஞ்சிருக்கு.

காயத்தோட எழுந்தவர்

சுவிசேஷங்கள்ல உயிர்த்த இயேசுவைப் பத்தி வர்ற இடங்களை வரிசையா வாசிச்சுப் பாருங்க, எவ்வளவு உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமா இருக்குன்னு. லூக்கா 24ல சீஷர்கள் ஏதோ ஆவியைப் பார்க்கறோம்னு பயந்து போறாங்க, அவர் என் கையையும் காலையும் பாருங்க, தொட்டுப் பாருங்க, ஒரு ஆவிக்கு மாம்சமும் எலும்பும் இருக்காதேன்னு சொல்றாரு. எலும்பு! இந்த வார்த்தை அங்க இருக்குங்கறதே எனக்குப் போதும். அப்பவும் அவங்க நம்ப முடியாம நிக்கறப்ப சாப்பிட ஏதாவது இருக்கான்னு கேட்டு பொரிச்ச மீன் துண்டை வாங்கி அவங்க கண்ணு முன்னாடி சாப்பிடறாரு. யோவான் 21ல கடற்கரையில கரி நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் வச்சுகிட்டு, ராத்திரி முழுக்க வலை போட்டு அலுத்துப் போய் வர்றவங்களை சாப்பிட வாங்கன்னு கூப்பிடறாரு. சாவை ஜெயிச்ச தேவகுமாரன் அடுத்து என்ன பண்ணுவாருன்னு ஒரு மனுஷனைக் கற்பனை பண்ணச் சொன்னா மரண தண்டனை குடுத்த பிலாத்து அரண்மனைக்குப் போய் நிப்பாருன்னுதான் எழுதியிருப்பான், இப்படி மீன் சுட்டுக் குடுப்பாருன்னு எழுத மாட்டான். முதல் சாட்சியாவும் பெண்களைப் போட்டிருக்க மாட்டான், பெண்கள் சாட்சி செல்லாதுன்னு யூத வரலாற்று ஆசிரியர் யோசேப்பஸ் எழுதி வச்சிருக்கற காலம் அது. நடந்ததை நடந்தபடி சொன்னாத்தான் இப்படி வரும்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப்பட்டது காயம். பார்க்காம நம்ப மாட்டேன்னு சொன்ன சீஷன் தோமாவுக்கு அவர் காட்டுறது ஆணித் தழும்பையும் விலாவையும். மகிமையான சரீரம், பூட்டின கதவுக்குள்ள வந்து நிக்கற சரீரம், ஆனா காயம் அப்படியே இருக்கு. செத்து நாலு நாள் கழிச்சு இயேசு எழுப்பின லாசரு மாதிரி இல்ல இது, லாசரு பிரேதச் சீலையோட வெளிய வந்தான், திரும்ப ஒரு நாள் சாகத்தான் போறான். இயேசுவோட சீலைகள் கல்லறைக்குள்ளயே கிடந்துச்சு, அவர் திரும்பி வரல, தாண்டிப் போயிட்டாரு. அப்படித் தாண்டிப் போனவரு தழும்பை மட்டும் கூட எடுத்துட்டுப் போயிருக்காரு. 5ம் நூற்றாண்டுல அகஸ்டின்ங்கற பிஷப் இதைப் பத்தி யோசிச்சிருக்காரு, இரத்தசாட்சிகளோட உடம்புல அந்தக் காயத் தழும்பு தெரியலாம், ஆனா அது அவங்களுக்குக் குறையா இருக்காது, மகிமையாத்தான் இருக்கும்னு. எங்க அப்பா இரத்தசாட்சி இல்ல, ஒரு லாரி இடிச்ச வாத்தியார். இருந்தாலும் அவர் எழுந்து வர்றப்ப அந்த நடையில ஏதோ ஒண்ணு எனக்கு அடையாளம் தெரியும்னு நம்பறேன், வலி இருக்காது, சாய்வு இருக்காது, ஆனா அவர்தான்னு தெரியும். மகதலேனா மரியாள் முதல்ல தோட்டக்காரன்னுதான் நினைச்சா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிஞ்சுகிட்டா.

நியாயமா ஒரு கேள்வி வரும். அப்ப இறந்தவங்க இப்ப எங்க இருக்காங்க, சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளனுக்கு இயேசு இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்னு சொன்னாரே, பவுலே தேகத்தை விட்டுப் பிரிஞ்சு கிறிஸ்துவோட இருக்கறது அதிக நன்மைன்னு பிலிப்பியருக்கு எழுதினாரே? ஆமா, அதை நான் முழு மனசோட நம்பறேன், எங்க அப்பாவும் அம்மாவும் கிறிஸ்துவோட கையில இருக்காங்க, அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. ஆனா அது கதையோட முடிவு இல்ல. உடம்பைக் கூடாரம்னு சொல்ற அதே 2 கொரிந்தியர் 5ல பவுல், களைஞ்சு போடணும்னு எங்களுக்கு ஆசை இல்ல, மேல தரிச்சுக்கணும்னுதான் ஆசைங்கறாரு. ரோமர் 8ல நம்முடைய சரீர மீட்புக்குக் காத்திருந்து தவிக்கிறோம்னு எழுதுறாரு. இறந்தவங்களும் காத்திருக்காங்க, நாமளும் காத்திருக்கோம். நித்திய ஜீவன்னா மேகத்துக்கு மேல எங்கயோ முடிவில்லாம மிதக்கறதுன்னு நினைச்சுகிட்டா யாருக்குத்தான் அதுல ஆசை வரும், வெளிப்படுத்தல் 21ல பரிசுத்த நகரம் மேலேர்ந்து கீழ இறங்கித்தான் வருது, தேவன் மனுஷங்களோட வாசம் பண்றாரு, கண்ணீரை அவரே துடைக்கிறாரு. கண்ணீரைத் துடைக்க ஒரு முகம் வேணும்ல.

அத்தை கேட்டது

2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலையில எங்க அத்தை மகன் சென்னையில இறந்துட்டாரு. கல்லறையில இடம் கிடைக்கல, யார் யார்கிட்டயோ அலைஞ்சு பார்த்து கடைசியில மின்மயானத்துக்குத்தான் கொண்டு போனாங்க. அத்தையால ஊர்லேர்ந்து போகக் கூட முடியல, வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோதான் அவங்க பார்த்த கடைசி. அதுக்கு முந்தின வருஷம், 2020 ஏப்ரல்ல, கொரோனாவுல இறந்த ஒரு டாக்டரோட உடலை அடக்கம் பண்ண விடாம சென்னையில கல்லெறிஞ்சு விரட்டினதை நாடே பார்த்துச்சு. அந்தக் காலத்துல எத்தனையோ குடும்பம் கடைசியா ஒரு தடவை முகம் பார்க்கறதுக்கும், ஒரு பிடி மண்ணு போடறதுக்கும் பட்ட பாட்டை நினைச்சா, உடம்பு ஒண்ணுமில்லன்னு சொல்றவங்க அவங்க முன்னாடி போய்ச் சொல்லட்டும்னு தோணும்.

ஊரடங்கு விட்டதும் அத்தையைப் பார்க்கப் போனேன். ரொம்ப நேரம் பேசல, அப்புறம் கேட்டாங்க, "எய்யா, எரிச்சுப்புட்டாவளே, சாம்பல் எப்படிய்யா எந்திரிக்கும்?" ஜெபம் பண்ண வந்தவங்கள்ல ஒருத்தர், அதெல்லாம் யோசிக்காதீங்க ஆத்துமா தான் முக்கியம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அத்தைக்கு அது பதிலாப் படல, அவங்க கேட்டது மகனைப் பத்தி, தன் வயித்துல சுமந்த அந்த உடம்பைப் பத்தி. நான் அவங்களுக்கு லியோன் சபையோட கதையைச் சொன்னேன். கி.பி. 177ல இன்னிக்கு பிரான்ஸ்ல இருக்கற லியோன் நகரத்துல கிறிஸ்தவங்களைக் கொன்னாங்க, கொன்னதோட விடல, உடல்களைக் காவல் போட்டு புதைக்க விடாம வச்சு, பிறகு எரிச்சு, சாம்பலை அள்ளி ரோன் ஆத்துல கரைச்சாங்க. ஏன்னா இவங்க உயிர்த்தெழுதலை நம்பித்தான் சாவுக்குப் பயப்படாம இருக்காங்க, உடம்பே இல்லாமப் பண்ணிட்டா அந்த நம்பிக்கை போயிடும், இப்ப எழுந்திருக்காங்களான்னு பார்ப்போம்னு சொன்னாங்களாம். தப்பிப் பிழைச்ச சபை ஆசியாவுல இருந்த சகோதரர்களுக்கு இதைக் கடிதமா எழுதினாங்க. ஆறு கொண்டு போச்சு, அவங்க நம்பிக்கையை விடல. ஒண்ணுமில்லாமையிலேர்ந்து உண்டாக்கினவருக்கு ரோன் ஆத்துச் சாம்பலும் எட்டும், மின்மயானத்துச் சாம்பலும் எட்டும் அத்தைன்னேன். கத்தோலிக்க சபை கூட 1963ல தகனத்துக்கு அனுமதி குடுத்துச்சு, அது உயிர்த்தெழுதலை மறுக்கறதுக்காக இருக்கக் கூடாதுங்கற நிபந்தனையோட.

அத்தை எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப அவன் என் பிள்ளையாவே வருவாம்லா?"ன்னாங்க. ஆமா அத்தைன்னேன். அதுக்கு அப்புறம்தான் அழுதாங்க. மகன் போனதுலேர்ந்து அன்னிக்குத்தான் வாய்விட்டு அழுதாங்கன்னு மாமா பிறகு சொன்னாரு. நான் தடுக்கல.

அழறதுக்கு இடம்

விசுவாசிங்க அழக் கூடாது, அழுதா சாட்சி கெட்டுப் போகும்னு ஒரு பேச்சு நம்ம சபைகள்ல இருக்கு. அதுக்கு 1 தெசலோனிக்கேயர் 4ஐக் காட்டுவாங்க. அங்க பவுல் சொல்றது, நம்பிக்கையற்ற மத்தவங்களைப் போலத் துக்கிக்கக் கூடாதுன்னு. துக்கமே கூடாதுன்னு அவர் எங்கயும் சொல்லல. பெத்தானியாவுல லாசருவோட சகோதரி மார்த்தாளுக்கு உபதேசம் எல்லாம் சரியாத் தெரியும், கடைசி நாள்ல சகோதரன் எழுந்திருப்பான்னு அவளே சொல்றா. நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்னு சொன்ன அதே இயேசு, கொஞ்ச நேரத்துல லாசருவே வெளியே வான்னு கூப்பிடப் போறவரு, நடுவுல கண்ணீர் விட்டாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு அவருக்குத் தெரியும், இருந்தும் அழுதாரு. நாலு நாளாச்சு நாறுமேன்னு மார்த்தா சொல்ற அந்த நாத்தத்தை, சகோதரிகள் அழுத அந்த முகத்தை அவர் லேசா எடுத்துக்கல. சாவு சத்துருன்னா அழுகைதான் நியாயம். சத்துரு தோத்துப் போவான்னா அந்த அழுகைக்கு ஒரு முடிவும் உண்டு. ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கறதுதான் உயிர்த்தெழுதல் நம்பிக்கைன்னு நான் புரிஞ்சு வச்சிருக்கேன், ஒண்ணை விட்டா இன்னொண்ணும் கையை விட்டுப் போயிரும்.

1 கொரிந்தியர் 15ம் அத்தியாயத்தோட கடைசி வசனத்தையும் சொல்லணும், அடக்கத்துல அதைப் பெரும்பாலும் வாசிக்கறதில்ல. மரணமே உன் கூர் எங்கேன்னு அவ்வளவு உச்சத்துல பாடிட்டுப் பவுல், ஆகையால் சும்மா மேல பார்த்துகிட்டு இருங்கன்னு முடிக்கல, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதுன்னு முடிக்கிறாரு. எங்க அப்பா கடைசியில படுக்கையில கிடந்தப்ப அம்மாதான் எல்லாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பாங்க, முதுகுல புண்ணு வராம இருக்க பவுடர் போடுவாங்க, வந்த புண்ணை சுடுதண்ணியில துணியை நனைச்சு துடைப்பாங்க, அந்தப் ப்ளேட்டு வச்ச காலை மெதுவா நீவி விடுவாங்க. பார்க்க வந்த ஒருத்தர் இது வாடகை வீடும்மா, சீக்கிரம் காலி பண்ணிருவாருன்னாரு. அம்மா பதிலே சொல்லல, தொடர்ந்து துடைச்சுகிட்டே இருந்தாங்க. ஆண்டவர் ஒரு நாள் எழுப்பப் போற உடம்பைத்தான் அம்மா துடைச்சாங்க. ஆஸ்பத்திரியில பேர் தெரியாத நோயாளியைக் குளிப்பாட்டுற நர்ஸம்மாவும், எங்க அப்பா எலும்பைத் துணியில மடிச்ச அண்ணாச்சியும் பண்றது அதே வேலைதான். இடிஞ்சு போற வீட்டுக்கு வெள்ளையடிக்கறவங்க யாரும் இவ்வளவு கவனமா அடிக்க மாட்டாங்க.

வீட்டுல நான் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்து வச்சிருக்கேன், என் அடக்க ஆராதனையில 1 கொரிந்தியர் 15ஐ முழுசா வாசிக்கணும், 58 வசனமும், நடுவுல வெட்டக் கூடாது, எரிச்சாலும் சரி புதைச்சாலும் சரி. அழறவங்களை யாரும் அதட்டக் கூடாதுன்னும் எழுதியிருக்கேன். அக்கா வாசிச்சுப் பார்த்துட்டு அவ்வளவு நேரம் வயசானவங்க வெயில்ல நிக்கணுமேன்னு கேட்டா. பந்தல் போட்டு நாற்காலி போடச் சொல்லி அதையும் கீழ ஒரு வரி சேர்த்துட்டேன்.